மண்கோட்டை வழியே ஒரு நாள்

நம் இலக்கிய வட்டம் தோன்றிப் பத்தாண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், மலர்க்குழுவினர் என்னிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டினர். எதைப் பற்றி எழுதுவது என்று நான் தயங்கியிருந்தபோது, ஜப்பானில் பணியாற்றும் என் தங்கை மகனிடமிருந்து ஒரு மடல் வந்தது. விடுமுறை நாளொன்றில் வழிகாட்டி ஒருவருடன் ஹிமேஜி என்னும் கோட்டை நகருக்குச் சென்று வந்ததை அவன் விரிவாக எழுதியிருந்தான். வெண்ணிறச் சுவர்களுடன் ஓங்கி நிற்கும் அக்கோட்டையின் படங்களும் உடனிருந்தன. 1609ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அதன் வாயில்கள், வளைந்து வளைந்து ஏறும் வழிகள், கோட்டையைச் சுற்றிப் போர்வீரர்க்கும் வணிகர்க்கும் கைவினைஞர்க்கும் தனித்தனியே வகுக்கப்பெற்ற தெருக்கள் ஆகியவற்றையெல்லாம் வழிகாட்டி ஒவ்வொன்றாக விளக்கினாராம். மடலின் இறுதியில் ஒரு வினா இருந்தது: “மாமா, நம்மூர்ப் பக்கத்தில் இப்படிப் பார்க்கத்தக்க கோட்டை ஏதும் உண்டா?”

அவ்வினா என்னை உறங்கவிடவில்லை. நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் நம் ஊருக்கு மேற்கே, பேருந்தில் சென்று மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவில் உள்ளன. இந்திய விடுதலைப் போர் வரலாற்றின் முதற்பக்கங்களில் இடம்பெறும் ஊர்கள் அவை. ஆயினும் திருமணத்திற்கும் துக்கத்திற்கும் அவ்வழியே பலமுறை சென்றிருக்கும் நான், கோட்டையைக் காண்பதற்கென்று ஒருநாளும் சென்றதில்லை. வட்டத்தின் மாதக் கூட்டத்தில் இதனைச் சொன்னபோது, என்னைப் போன்றோர் பலர் இருப்பது தெரியவந்தது. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் செல்வதென முடிவாயிற்று. நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர் வழிகாட்ட இசைந்தார். அந்த ஒரு நாளில் கண்டதும் கேட்டதும் எண்ணியதுமே இக்கட்டுரை.

புற்றுமண்ணில் தொடங்கிய பயணம்

காலையில் சங்கரநாராயணர் கோயிலில் கூடினோம். உக்கிரபாண்டியன் எழுப்பியது என்று மரபு கூறும் இக்கோயிலில் திருநீற்றோடு புற்றுமண்ணும் அருட்பொருளாக வழங்கப்பெறுவதை அறியாதார் இலர். இவ்வட்டாரத்து ஐம்பூதத் தலங்களுள் சங்கரன்கோவில் மண்ணுக்குரியது; கரிவலம்வந்தநல்லூர் நெருப்புக்கும், தாருகாபுரம் நீருக்கும், தென்மலை காற்றுக்கும், தேவதானம் வானுக்கும் உரியன. “இன்று நாம் பார்க்கப்போவதும் மண்தான், அதனை நெற்றியில் இட்டுக்கொண்டே புறப்படுவோம்” என்றார் ஆசிரியர். அப்போது அச்சொல்லின் பொருளை நாங்கள் முழுமையாக உணரவில்லை.

கோயிலுக்குள்ளேயே எங்கள் முதற்பாடம் தொடங்கிவிட்டது. பூலித்தேவர் பெயரால் வழங்கும் அறை ஒன்று இங்குண்டு. பகைவரால் பிடிக்கப்பெற்று அழைத்துச் செல்லப்பட்ட வழியில், இறைவனை வழிபட்டு வர இசைவு பெற்றுக் கோயிலுக்குள் புகுந்த பூலித்தேவர், கைவிலங்குகள் அறுந்து விழ, சோதியோடு கலந்து மறைந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. எங்களுள் இளையவரான கவிஞர் ஒருவர், “இதை வரலாறு என்று எழுதலாமா?” என வினவினார். ஆசிரியர் புன்னகை செய்து, “விடையை மாலையில் இதே இடத்தில் வந்து தேடுவோம்” என்று மட்டும் கூறினார்.

பாளையம் என்னும் அமைப்பு

வண்டி மேற்கு நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல் குறைந்து செம்மண் தலைகாட்டிற்று. தொலைவில் மேற்குமலைத் தொடர் நீலச்சுவர் போல் எழுந்து நின்றது. ஆசிரியர் பாளையங்களின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லலானார்.

16ஆம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரின் ஆட்சி நிலைபெற்றபோது, தளவாய் அரியநாத முதலியாரின் துணையோடு நாடு 72 பாளையங்களாகப் பகுக்கப்பெற்றது என்பர். பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி தண்டினார், வழக்குத் தீர்த்தார், ஊர்க்காவலும் வழிக்காவலும் புரிந்தார், அழைத்தபோது அரசனுக்குப் படை அனுப்பினார். பாளையத்தின் தலைமையிடம் ஒரு சிறு நகரம். நடுவே மண்கோட்டை, அதனுள்ளே அரண்மனை, அருகே கோயிலும் குளமும், சுற்றிலும் படைவீரர், உழவர், கொல்லர், தச்சர், குயவர், வணிகர் ஆகியோரின் குடியிருப்புகள். ஜப்பானியக் கோட்டை நகரங்களைப் பற்றி என் மருமகன் எழுதியதற்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை. காவல் தேடும் மக்கள் கோட்டையை ஒட்டிக் குடியேறுவதும், அவர்தம் உழைப்பால் கோட்டை வாழ்வதும் எங்கும் உள்ளனவே.

மதுரை நாயக்கர் ஆட்சி 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீழ்ந்தபின், ஆர்க்காட்டு நவாபு இந்நாட்டின் வரிக்கு உரிமை கொண்டாடினார். நவாபு முகமது அலியோ கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் கடன்பட்டவர். நவாபின் பெயரால் வரி தண்டக் கம்பெனிப் படையே நேரில் இறங்கியது. தலைமுறை தலைமுறையாகத் தம் நிலத்தைத் தாமே ஆண்டு வந்தவர்களின் வாயிலில், யாரென்றே அறியாத ஒருவர் பீரங்கியுடன் வந்து நின்று பணம் கேட்டதே நாம் அறியும் போராட்டத்தின் தொடக்கம்.

நெற்கட்டும்செவல்

நெற்கட்டும்செவலில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. செவல் என்பது செம்மண் நிலம். வரியாக நெல் கட்டிய ஊர் நெற்கட்டும்செவல். பூலித்தேவர் வரி கட்ட மறுத்தபின் மக்கள் அதனை நெற்கட்டான்செவல் என்றனர். ஈரெழுத்து மாற்றத்தில் ஓர் அரசியல் அறிவிப்பையே ஊர்ப்பெயருக்குள் வைத்துவிட்டனர் நம் மக்கள். அரசாணைகள் பல அழிந்துபோயின. அந்த ஈரெழுத்து அழியவில்லை.

1715ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பூலித்தேவர் பிறந்தார் என்பது மரபு. அந்நாளிலேயே ஆண்டுதோறும் அரசு விழாவும் நிகழ்கிறது. 1755இல் கர்னல் ஏரோன் என்பவர், நவாபின் தமையனார் மாபூசுகானுடன் திருநெல்வேலிச் சீமைக்குள் படை நடத்தி வந்தார். வழியில் திருமோகூரை அடுத்த கோவில்குடியில் கோயிலைக் கொள்ளையிட்டுத் திருமேனிகளைக் கவர்ந்தமையால் மக்கள் வெறுப்புக்கு ஆளானவர் அவர். நெற்கட்டும்செவல் கோட்டையின் முன் நின்று இருபதாயிரம் ரூபாய் கேட்டார். கோட்டைச் சுவரைத் தகர்க்கத்தக்க பெரும் பீரங்கி ஏரோனிடம் இல்லை என்பதையும், அவர் படை உணவுக்கும் பணத்துக்கும் தவித்துக்கொண்டிருந்தது என்பதையும் பூலித்தேவர் அறிந்திருந்தார். ஒரு ரூபாயும் தர இயலாது என்று விடை வந்தது. ஏரோன் திரும்பிச் சென்றார். திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர் அவர் படையை வழிமறித்துத் தாக்கிக் கோயில் திருமேனிகளை மீட்டனர். பின்னர் ஏரோன் படைமன்ற விசாரணைக்கு ஆளாகிப் பதவி இழந்தார்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பூலித்தேவரின் மறுப்பை வெறும் வீராவேசமாக நாம் மேடைகளில் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் அது கணக்கறிந்து சொன்ன மறுப்பு. எதிரியின் பீரங்கி எத்தகையது, தன் சுவர் எத்தகையது என்று எடைபோட்டவரின் சொல் அது. பின்னர் மேற்குப் பாளையங்களை ஒன்றிணைத்து ஓர் அணி கண்டதும், திருவிதாங்கூரின் துணையை நாடியதும் அதே அறிவின் தொடர்ச்சியே. வீரத்தைப் பாராட்டும் நாம் அந்த அறிவையும் பாராட்டக் கற்க வேண்டும்.

அரசு எழுப்பிய நினைவு மாளிகையைக் கண்டோம். நிழலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எங்களை விசாரித்தறிந்து, காலால் தரையைத் தட்டிக் காட்டினார். “கோட்டையைத் தேடி வந்தீகளோ? நீங்க நிக்கிறதே கோட்டைதான்யா. எங்க ஊரு வீட்டுச் சுவரெல்லாம் அந்த மண்ணுதான்” என்றார். கோட்டை மறையவில்லை, வீடுகளாகி நிற்கிறது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

வாசுதேவநல்லூர்ச் சுவர்

அங்கிருந்து வாசுதேவநல்லூர். நம் கோயிலில் சிவனும் திருமாலும் ஓருருவானது போல, இங்கே இறைவனும் இறைவியும் ஓருருவாகி அர்த்தநாரீசுவரராகக் காட்சி தருகின்றனர். வழிபட்டபின், மலையடிவாரத்தை நோக்கியவாறு நின்று ஆசிரியர் கோட்டையின் கதையைச் சொன்னார்.

இராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் அந்நாளில் சென்னைக் கோட்டையின் ஆட்சிக் குழுவில் இருந்தவர். அவருடைய நூலில் வாசுதேவநல்லூர் ‘வாசினெல்லூர்’ என்றும், நெற்கட்டும்செவல் ‘நெல்லித்தங்கவில்’ என்றும் திரிந்து கிடக்கின்றன. ஊர்ப்பெயரை உச்சரிக்க இயலாதவரும் சுவரின் வலிமையைச் சரியாகவே அளந்தனர். மண்ணால் ஆகியும் கல்லைப் போல் இறுகிய சுவர். சுற்றிலும் மூங்கிலும் முட்புதரும் பின்னிய அடர்காடு என்பது அவர் தரும் சித்திரம்.

மண்சுவர் எவ்வாறு பீரங்கியைத் தாங்கியது? கல்சுவரில் குண்டு மோதினால் கல் பிளந்து சிதறும். ஒரு கல் பெயர்ந்தால் அடுத்த கல்லும் நிலை தளரும். நன்கு மிதித்துக் குழைத்து, வைக்கோல் கலந்து, அடுக்கடுக்காக ஏற்றி உலர்த்திய தடித்த மண்சுவரோ குண்டின் வேகத்தை உள்வாங்கி அதனைத் தன்னுள்ளே புதைத்துக்கொள்ளும். துளை விழுந்தாலும் பிளவு பரவாது. இடிந்த இடத்தை அடைக்கப் பொருளும் அருகிலேயே கிடைக்கும். வீட்டுச் சுவர் வைக்கும் எந்த உழவனும் அறிந்த தொழில் இது. அந்தத் தொழிலறிவே கோட்டையின் காவல்.

1759ஆம் ஆண்டின் இறுதியில் கம்பெனியின் தளபதி கான்சாகிபு என்னும் யூசுப்கான் இக்கோட்டையை முற்றுகையிட்டார். அவரும் நம் நாட்டவரே, பெருந்திறல் படைத்தவர். பூலித்தேவர் நெற்கட்டும்செவலிலிருந்து வீரருடன் வந்து முற்றுகைப் படையின் பின்புறத்தைத் தாக்கினார். யூசுப்கான் தோற்றுப் பின்வாங்கினார். மீண்டும் பெரும் ஏற்பாடுகளுடன் வந்து, 1761 மே மாதத்தில்தான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளை அவரால் கைக்கொள்ள முடிந்தது. அதே யூசுப்கான் பின்னர் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். வரலாற்றின் இத்தகைய திருப்பங்களை எந்தப் புனைகதையாசிரியன் எழுதினாலும் நாம் நம்பமாட்டோம்.

யூசுப்கான் மறைவுக்குப் பின் பாளையத்தார் மீண்டும் கோட்டைக்குத் திரும்பினர். 1767இல் கர்னல் டொனால்டு கேம்பெல் வாசுதேவநல்லூரைத் தாக்கினார். அவர் எழுதி அனுப்பிய செய்தியைக் கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் (1881) எடுத்தாண்டுள்ளார். பீரங்கிகள் இடைவிடாது சுடச்சுட, சுவரில் விழுந்த பிளவுகளைக் கோட்டைக்குள் இருந்தோர் பனைமரங்களும் வைக்கோலும் கொண்டு அடைத்தவண்ணம் இருந்தனர். ஒருவர் வீழ்ந்தால் அவ்விடத்தில் மற்றொருவர் நின்றார். தாம் கண்டும் கேட்டும் அறிந்த அனைத்தையும் மிஞ்சிய துணிவு இது என்னும் கருத்துப்பட அப்பகைவரே வியந்தெழுதினார். முடிவில் கோட்டை கைவிடப்பட்டது. ஆனால் அந்தப் பனந்தடிகளும் வைக்கோலும் பகைவரின் ஏட்டிலேயே இடம்பெற்றுவிட்டன.

பெயர் இல்லாதவர்கள்

அவ்விடத்தில் ஆசிரியர் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: “பிளவை அடைத்தவர்களின் பெயர் என்ன?”

எங்களிடம் விடையில்லை. கேம்பெல்லின் எழுத்திலும் இல்லை. கள்ளர் என்ற சொல்லைத் திரித்துக் ‘காலரிகள்’ என்று கோட்டைக்குள் இருந்த அனைவரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன ஆங்கிலேயர் ஏடுகள். மண் மிதித்தவர், பனை வெட்டிச் சுமந்தவர், இரும்பு உருக்கியவர், நெல் குற்றிச் சோறாக்கிய பெண்கள் ஆகியோரில் ஒருவர் பெயரும் அவற்றில் இல்லை.

ஏடுகள் விட்ட இடத்தை வாய்மொழி நிரப்புகிறது. வெண்ணிக் காலாடி என்னும் தளபதி, வயிறு கிழிந்து குடல் சரிந்த நிலையிலும் தலைப்பாகையால் இறுகக் கட்டிக்கொண்டு போரிட்டுப் பூலித்தேவர் மடியில் உயிர் நீத்தார் என்பது ஒரு செய்தி. ஒண்டிவீரன் என்னும் மாவீரன் பகைவர் பாசறைக்குள் தனியே புகுந்து புல்லுக்குள் மறைந்திருந்தபோது, குதிரை கட்டும் முளை அவர் கையில் அறையப்பட்டது. ஒலி எழுப்பாது வலி பொறுத்து, தன் கையைத் தானே துணித்துக்கொண்டு, பீரங்கிகளைப் பாசறையை நோக்கித் திருப்பி வைத்துவிட்டு மீண்டார் என்பது மற்றொரு செய்தி. முன்னவரைத் தேவேந்திரகுல மக்களும் பின்னவரை அருந்ததிய மக்களும் தத்தம் முன்னோராகப் போற்றிக் காத்து வந்தனர். காத்தவர்கள் அவர்களே, ஏட்டில் எழுதும் வாய்ப்பைப் பெற்றிருந்த நாம் அல்லோம்.

ஆகஸ்டு 20ஆம் நாள் பச்சேரியில் ஒண்டிவீரன் நினைவு நாள். பன்னிரண்டு நாள் கழித்து, செப்டம்பர் முதல் நாள் நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் விழா. ஒரே கோட்டைக்குள் ஒரே பகையை எதிர்த்து நின்றவர்களின் நினைவை நாம் தனித்தனி நாளில், தனித்தனிக் கொடியின்கீழ், காவல்துறையின் தடையுத்தரவுகளுக்கு நடுவே கொண்டாட வேண்டியிருக்கிறது. பிளவை அடைக்கத் தம் உடலையே தந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம், பிளவையே நினைவுச் சின்னமாக்கிக்கொண்டோம். இதை எழுத எனக்கு நாணமாக இருக்கிறது. எனினும் எழுதாதிருத்தல் அதனினும் நாணத்தக்கது.

என் சொந்தக் குறை ஒன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து, கோட்டைச் சண்டையைப் பற்றிய கதைப்பாட்டை மூச்சு விடாமல் ஒரு நாழிகைக்கு மேல் பாடினார். சுவர் எடுத்த கதையும் அதில் இருந்தது. எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் மண் சுமக்க வந்தார்கள் என்று பெயர் பெயராக அடுக்கினார். கேட்டு மகிழ்ந்தேன், ஆனால் எழுதிக்கொள்ளவில்லை. தாளும் எழுதுகோலும் என் பையிலேயே இருந்தன. அடுத்தமுறை வரும்போது எழுதலாம் என்று எண்ணிவிட்டேன். மூன்றாண்டு கழித்துச் சென்றபோது திண்ணை இருந்தது, அவர் இல்லை. அவர் மக்களுக்குப் பாட்டின் முதலிரண்டு அடிகளுக்கு மேல் தெரியவில்லை. ஆசிரியர் அன்று கேட்ட கேள்விக்கு விடை ஒருகால் என் செவி வழியே புகுந்து வெளியேறிவிட்டது.

கட்டபொம்மன் கதைப்பாடலையும் கான்சாகிபு சண்டையையும் தேடித் தொகுத்து அச்சேற்றிய பேராசிரியர் நா. வானமாமலை நம் திருநெல்வேலிச் சீமை மண்ணில் பிறந்தவரே. அவருக்குப் பின் அப்பணியை ஊர்தோறும் தொடர்ந்திருக்க வேண்டியவர்கள் நாம்.

இடிந்தனவும் இடிக்கப்பட்டனவும்

பிற்பகல் உணவுக்குப்பின் புளியமர நிழலில் என் மருமகனின் மடலை உரக்கப் படித்தேன். கேட்டவுடன் ஒருவர், “அவன் நாட்டுக்காரன் காப்பாற்றினான், நாம் தொலைத்தோம்” என்றார். இது முழு உண்மையன்று.

நம் கோட்டைகள் மழையால் மட்டும் கரைந்தன அல்ல. 1799இல் பாஞ்சாலங்குறிச்சியை வீழ்த்திக் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட மேஜர் பானர்மன், பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். மறவாதிருக்கும் பொருட்டு அவ்வாணை உலோகத் தகட்டில் பொறிக்கப்பெற்றது. 1801இன் பெரும் கிளர்ச்சி அடக்கப்பட்டபின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டு, அவ்விடத்தில் ஆமணக்கு விதைக்கப்பட்டது என்பர். இன்று அங்குள்ள நினைவுக் கோட்டை 1974இல் தமிழக அரசு எழுப்பியது. சுவர் நின்றால் நினைவு நிற்கும். நினைவு நின்றால் மறுப்பு மீண்டும் எழும் என்பதை வென்றவர்கள் நன்கறிந்திருந்தனர்.

ஜப்பானிலும் கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1615இல் ஒரு மாநிலத்திற்கு ஒரு கோட்டைக்கு மேல் கூடாதென்று தொக்குகாவா அரசு ஆணையிட்டது. 1873இல் மெய்ஜி அரசு எஞ்சியவற்றுள் பெரும்பாலானவற்றைக் கலைக்க முற்பட்டது. பின்னர் உலகப்போரின் குண்டுகள் பலவற்றை எரித்தன. பழமை மாறாத மையக் கோபுரத்துடன் இன்று நிற்பவை 12 மட்டுமே. ஆனால் நகோயாக் கோட்டை 1945இல் எரிந்தபோது, முன்னரே எடுத்து வைத்திருந்த அளவு வரைபடங்களும் ஒளிப்படத் தகடுகளும் தப்பின. அவற்றைக் கொண்டு கோட்டையின் உள் அரண்மனையை 2018இல் மீண்டும் கட்டி முடித்தனர். இடித்ததில் அவர்களுக்கும் நமக்கும் பெரிய வேற்றுமை இல்லை. எழுதி வைத்ததில்தான் வேற்றுமை.

மற்றொரு செய்தி எங்கள் அனைவரையும் நிமிர்ந்து உட்காரச் செய்தது. ஹிமேஜியின் வெண்சுவர் கல்லன்று. உள்ளே மூங்கில் பின்னல். அதன்மேல் வைக்கோல் கலந்து குழைத்த மண். அதற்கும் மேலே சுண்ணப்பூச்சு. 1993இல் உலகப் பாரம்பரியச் சின்னமெனச் சிறப்பிக்கப்பெற்ற அக்கோட்டையின் உள்ளிருப்பதும், வாசுதேவநல்லூரில் குண்டு தாங்கியதும், நெற்கட்டும்செவல் முதியவரின் வீட்டுச் சுவரில் இருப்பதும் அடிப்படையில் ஒரே பொருளே. வைக்கோலும் மண்ணும் இழிந்தவை என்று நமக்குக் கற்பித்தவர் யார்?

திரும்பிய மாலை

பொழுது சாயும் வேளையில் மீண்டும் கோயிலுக்கு வந்தோம். காலையில் எழுந்த வினா காத்திருந்தது. இளங்கவிஞரே பேசினார்: “சோதியில் கலந்தார் என்பதை நிகழ்ச்சியாக எழுத இயலாது. ஆனால் அவரைப் பிடித்தோம், கொன்றோம் என்று பகைவர் சொல்வதை இம்மக்கள் ஏற்க மறுத்தனர் என்பது நிகழ்ச்சிதான். அதை எழுதலாம்.” ஆசிரியர் அவர் தோளைத் தட்டினார்.

உண்மையே. 1767க்குப் பின் பூலித்தேவரின் முடிவைப் பற்றி மக்கள் போற்றுவது இந்தக் கோயில் செய்தியையே. வரி கட்டாதவர் உடலையும் பகைவரிடம் கட்டவில்லை என்று அவர்கள் தம் கதையை முடித்துக்கொண்டனர். ஊர்ப்பெயரில் ஈரெழுத்தை மாற்றிய அதே மக்களின் கைவண்ணம் இது. ஏட்டுச் சான்று எது, வாய்மொழி மரபு எது என்று பிரித்துக் காட்டுவது வரலாற்றாசிரியனின் கடமை. ஒன்றை வைத்து மற்றொன்றை இகழ்வது அவன் தொழிலன்று.

பத்தாண்டுகளாக நம் வட்டம் சங்கப்பாடலையும் கம்பனையும் புதுக்கவிதையையும் பேசி வந்துள்ளது. அவை என்றும் தொடர வேண்டும். அவற்றோடு, வரும் ஆண்டிலிருந்து மாதத்திற்கு ஒரு ஞாயிறு ஒரு சிற்றூருக்குச் சென்று, அங்குள்ள முதியோர் சொல்வதைச் சாதி பாராது, வெட்டாது, ஒட்டாது, சொன்னவர் சொன்னபடியே எழுதி வருவோம் என்று அன்றிரவே முடிவு செய்தோம். முதற்பயணம் பச்சேரிக்கு, இரண்டாவது நெற்கட்டும்செவலுக்கு. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுவதென்பது ஆசிரியரின் நிபந்தனை.

என் மருமகனுக்கு விடை எழுதிவிட்டேன். “உண்டு, தம்பி. அடுத்த விடுமுறையில் வா. கோட்டையைக் காட்ட என்னால் இயலாது. கோட்டை நின்ற மண்ணைக் காட்டுவேன். சொல்ல வேண்டியவற்றை அதற்குள் எழுதி வைத்திருப்பேன்.”

அம்மடலோடு சிறிது புற்றுமண்ணையும் மடித்து அனுப்பியிருக்கிறேன்.